அரண்மனை விற்ற காசில் ஒரு பூங்கா

பூங்கா எதற்கு? ‘காற்று வாங்க... சுண்டல் கொறிக்க...’ என்போம். ‘ஆள் சாகாமல் இருக்க!’ என்று பதில் சொன்னார் ஒரு கணக்குப்புலி. பெயர், வில்லியம் ஃபார். இங்கிலாந்தின் பிறப்பு - இறப்புப் பதிவு அலுவலகத்தில் புள்ளிவிவரம் தொகுத்தவர்.

அப்போதைய லண்டனில் மேற்கே ஹைட் பார்க், கிரீன் பார்க், செயின்ட் ஜேம்ஸ் பார்க் என்று பச்சைப்பசேலென ராஜாங்கத் தோட்டங்கள். கிழக்கே? துறைமுகக் கூலிகள், பட்டு நெசவாளிகள், ஒண்டுக்குடித்தனங்கள். ஜனம் மட்டும் பெருகிக்கொண்டே போனது. காலாற நடக்க இடமில்லை!

‘கிழக்கு லண்டனில் ஒரு பூங்கா வந்தால், வருஷத்துக்குப் பல ஆயிரம் சாவுகள் குறையும்’ என்று 1839-ம் வருட அறிக்கையில் ஃபார் எழுதினார். கெட்ட காற்றுதான் நோயைப் பரப்புகிறது என்று டாக்டர்கள் நம்பிய காலம் அது. அந்த நம்பிக்கை பின்னால் அடிபட்டுப் போனது. ஆனால், நெரிசலில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தது நிஜம்.

1840-ல் விக்டோரியா மகாராணிக்கு ஒரு மனு போனது. கையெழுத்துப் போட்டவர்கள் 30,000 பேர்! சரி, பணத்துக்கு எங்கே போவது? மேற்கு லண்டனில் ‘யார்க் ஹவுஸ்’ என்று ஒரு மாளிகை, அரசாங்கத்தின் கையில் இருந்தது. 1841-ல் சட்டம் போட்டு, அதன் குத்தகை உரிமையை சதர்லாண்ட் பிரபுவுக்கு விற்றார்கள். கிடைத்தது 72,000 பவுண்டு. பணக்காரப் பேட்டையின் மாளிகை, ஏழைகளுக்குப் புல்லும் மரமுமாக மாறியது!

வரைபடம் போட்டவர் ஜேம்ஸ் பென்னெத்தார்ன். ஓரத்தில் வீட்டு மனைகள் போட்டுக் காசு பார்க்கும் யோசனையும் அதில் உண்டு. 1845-ல் ‘விக்டோரியா பார்க்’ ஜனங்களுக்குத் திறந்தது. பெயருக்குச் சொந்தக்காரரான மகாராணி விஜயம் செய்ததோ 1873-ல். அதற்குள் 28 வருஷம் ஓடிவிட்டது!

ஜனங்கள் அங்கே உலாவியதோடு நிற்கவில்லை. 1848-ல் ஓட்டுரிமை கேட்ட ‘சார்ட்டிஸ்ட்’ இயக்கத்தார் அங்கே கூடக் கிளம்ப, அரசாங்கம் பதறிப்போய் போலீஸைக் குவித்தது. பிற்பாடு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் மேடைப் பேச்சு அமர்க்களப்படும். பேசியவர்களில் ஒருவர், பின்னாளில் நம் சென்னை அடையாறுக்கு வந்து சேர்ந்த அன்னி பெசன்ட் அம்மையார்!

இருநூறு ஏக்கருக்கு மேல் பரந்து கிடக்கும் அந்தப் பூங்காவில், இன்றைக்கும் யாரும் உலாவலாம். டிக்கெட் கிடையாது.