பத்துப் பொருத்தமும் ஒரு பொய்யும்

2008ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் இந்தி நடிகர் ஷாருக் கானைப் பற்றி இரண்டு செய்திகள் வந்தன. நம் மலாக்கா மாநில ஆளுநர் துன் முகமது கலீல் யாக்கோப் அவருக்கு ‘டத்தோ’ பட்டம் வழங்கினார் என்பது ஒன்று. 2001இல் வெளியான ‘ஒன் டூ கா ஃபோர்’ படத்தின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டன; அதனால் மாநிலத்தின் பெயர் வெளியுலகில் பரவியது என்பது பட்டத்திற்குச் சொல்லப்பட்ட காரணம். அது தகுமா என்ற வாதம் அப்போதே நடந்து ஓய்ந்தது. அதை மீண்டும் கிளற வேண்டியதில்லை. அதே மாதத்தில் ஆதித்ய சோப்ரா இயக்கிய ‘ரப் நே பனா தி ஜோடி’ வெளியானது என்பதே நமக்கு வேண்டிய இரண்டாவது செய்தி.

அப்படத்தின் நாயகன் மின்சார அலுவலகத்தில் பணிபுரியும் கூச்ச சுபாவமுள்ள ஊழியன். மணக்க இருந்தவனை விபத்தில் இழந்த தானி என்னும் துடிப்பான பெண்ணை, அவளுடைய தந்தையின் இறுதி விருப்பத்திற்கிணங்க மணக்கிறான். அவளுக்கு அவன்மீது அன்பு இல்லை. எனவே மீசையை மழித்து, உடையை மாற்றி, வேறொரு பெயரில் தன் மனைவியின் நடன வகுப்பிலேயே சேர்ந்து அவளுடைய நட்பைப் பெற முயல்கிறான். கட்டிய மனைவியோடு பழகக் கணவனுக்கே மாறுவேடம் வேண்டியிருக்கிறது என்பதில்தான் படத்தின் நகைச்சுவை இருக்கிறது. உம்பாயிலும் மெர்லிமாவிலும் ஜாசினிலும் உள்ள தமிழ்க் குடும்பங்கள் இத்தகைய படங்களைத் தொலைக்காட்சியில், திரையின் அடியில் ஓடும் மலாய் வரிகளின் துணையோடு, விரும்பிப் பார்த்து வந்திருக்கின்றன. மொழி தெரியாத படத்தில் நம்மைச் சிரிக்க வைப்பது எது?

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் தலைவன் தலைவியரிடையே அமையவேண்டிய ஒப்புமைகள் பத்து என்கிறார். பிறப்பும் குடிமையும் அவற்றின் முன்வரிசையில் நிற்கின்றன. பின்னாளில் சோதிடர் வகுத்த பத்துப் பொருத்தம் வேறு. ஆயினும் எண்ணிக்கை மக்கள் மனத்தில் ஒன்றாகவே பதிந்துவிட்டது. அதே மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்து, எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு அதற்கு நிலைக்களன் என்கிறது. பொருத்தமில்லாத இணையைப் பற்றிய நகைச்சுவைப் படங்கள் பெரும்பாலும் ஒரே வழியில் நடக்கின்றன. பொருத்தம் பார்க்கும் உலகம் இருவரையும் பழக விடுவதில்லை; அவர்கள் பழகுவதற்கு ஒரு பொய் தேவைப்படுகிறது; அந்தப் பொய் தரும் கால அவகாசத்தில் அன்பு பிறக்கிறது. வாய்மை அதிகாரத்தில் வள்ளுவர் பொய்க்கு அளித்த சிறு சலுகையைத் திரைக்கதை ஆசிரியர்கள் தாராளமாகவே பயன்படுத்திக்கொண்டார்கள்.

இந்த வழியைப் பம்பாய் மட்டும் வகுக்கவில்லை. சென்னைக்கு அதில் பெரும் பங்கு உண்டு. சென்னையும் வங்காளத்திடம் கடன் வாங்கியதுதான்.

1955ஆம் ஆண்டு பொங்கலையொட்டி ‘மிஸ்ஸியம்மா’ வெளியானது. ரவீந்திரநாத் மைத்ரா எழுதி, 1935இல் வங்காளத்தில் படமாகவும் வந்த ‘மன்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்’ என்ற கதையே அதன் வேர். எல்.வி. பிரசாத் இயக்கத்தில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேரத் தயாரித்தனர். ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றை நடத்தும் ஜமீன்தார், படித்த கணவனும் மனைவியும் ஆசிரியர்களாக வேண்டும் என்று விளம்பரம் செய்கிறார். வேலையில்லாத இந்து இளைஞன் ஜெமினி கணேசன். கடன்காரனின் நெருக்கடியில் தவிக்கும் கிறித்தவப் பெண் சாவித்திரி. சம்பளத்திற்காக இருவரும் தம்பதியராக நடித்து வேலையில் சேர்கிறார்கள். ஆசிரியர் வேலைக்காக இவ்வளவு பாடுபட்ட நாயகனும் நாயகியும் தமிழ்த் திரையில் அரியவர்கள் என்பதை, இந்நூலைப் படிக்கும் ஆசிரியர்களுக்கு நினைவூட்டலாம்.

படத்தின் பெரும்பகுதி ஒரே வீட்டுக்குள் நிகழும் சச்சரவு. அவளுக்கு அந்த வீட்டின் பூசையும் சடங்கும் எரிச்சலூட்டுகின்றன. அவனோ நெருக்கடிக்கு நெருக்கடி ஒரு புதுப்பொய் சொல்லிச் சமாளிக்கிறான். பொய்த் தாலிக்குள் இருவரும் சரிசமமாக வாதிடுகிறார்கள். உண்மைத் தாலி கட்டியிருந்தால் அந்தக் காலத்துத் திரையில் ஒரு மனைவிக்கு அவ்வளவு பேச வாய் இருந்திருக்காது. இதுதான் அப்படத்தின் உண்மையான துணிவு என்று கருதுகிறேன். முடிவிலோ அத்துணிவு தளர்ந்துவிடுகிறது. மேரி என்பவள் உண்மையில் சிறுவயதில் காணாமற்போன ஜமீன்தாரின் மகள் மகாலட்சுமி என்று தெரியவருகிறது. பள்ளிக்கூடமே அவள் பெயரில்தான் இருந்தது. மதம் என்ற தடை கடக்கப்படவில்லை. தடையே இல்லை என்று கதை சொல்லிவிடுகிறது. விடுபட்ட பொருத்தம் பிறப்பிலேயே கிடைத்துவிட்டது. 1957இல் ஏவி.எம். நிறுவனத்தார் இதனை ‘மிஸ் மேரி’ என இந்தியில் எடுத்தபோதும் பிரசாத்தே இயக்கினார். ஜெமினி கணேசனே நாயகன். மீனா குமாரி நாயகி. இந்தி ரசிகர்கள் சிரித்த அந்தச் சிரிப்பு வடபழனியில் சமைக்கப்பட்டது.

அடுத்து வந்த ‘சபாஷ் மீனா’ (1958) ஆள்மாறாட்டக் கதை. அதை இயக்கிய பி.ஆர். பந்துலுவே 1962இல் ‘தில் தேரா தீவானா’ என்று இந்திக்குக் கொண்டுசென்றார். நம் பகுதிக்கு நெருக்கமான படமோ 1964இல் ஸ்ரீதர் இயக்கி வெளிவந்த ‘காதலிக்க நேரமில்லை’. அதன் புதுமுக நாயகன் ரவிச்சந்திரன் கோலாலம்பூரில் பிறந்தவர். திருச்சிக்குப் படிக்கப் போனவர். கதையும் தோட்டத்துக் கதை. எஸ்டேட் முதலாளி விசுவநாதனாக டி.எஸ். பாலையா, அவரிடம் வேலை பார்த்து, அதை இழந்த இளைஞன் அசோக். வேலையைத் திருப்பிக் கேட்டு முதலாளியின் வீட்டுக்கு எதிரிலேயே கூடாரமடித்துப் பாட்டுப் பாடிப் போராடுகிறான். பிறகு முதலாளியின் மகளைக் காதலித்து, தன்னைப் பெருஞ்செல்வரின் வாரிசு என்று நம்பவைக்கத் தன் நண்பன் முத்துராமனுக்குத் தந்தை வேடம் போடுகிறான்.

இதனைத் தமிழ்நாட்டு நகரத்தார் பார்த்ததற்கும் தோட்டத்தார் பார்த்ததற்கும் வேறுபாடு உண்டு. டைமண்ட் ஜூபிலி, ஜாசின் லாலாங் போன்ற தோட்டங்களில் துரை, கிராணி, மண்டோர், பால்வெட்டுத் தொழிலாளி என்ற அடுக்கு வீடுகளின் அளவிலேயே கண்ணுக்குத் தெரியும். லயத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடும் போகும். பங்களாவுக்கு எதிரில் கூடாரமடிப்பது நினைத்துப் பார்க்கவும் முடியாத காரியம். திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தில் பாய் விரித்து அமர்ந்த கூட்டம், வேலை இழந்தவன் துரையின் வாசலில் ஆடிப்பாடுவதைக் காண நேர்ந்தால், அந்தச் சிரிப்பு வெறும் பொழுதுபோக்காக இருந்திருக்க இயலாது. மறுநாள் விடியற்காலைப் பெரட்டில் அதே அடுக்கு மீண்டும் நிற்கும். ஆணும் பெண்ணும் ஒரே நிரையில் மரம் வெட்டினர். ஆயினும் உறவும் சாதியும் பார்த்துப் பெரியவர்கள் பேசி முடிப்பதே திருமணம் என்ற வழக்கம் வலுவாக இருந்தது. தினம் பார்க்கலாம், பழக முடியாது. பொய் வேடம் ஏன் இனித்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

‘காதலிக்க நேரமில்லை’யின் வெற்றிக்கு இன்னொரு காரணம் தந்தையைத் தோற்கடிக்கும் முறை. பாலையாவின் விசுவநாதன் கொடியவர் அல்லர்; பணத்தின்மீது ஆசையுள்ளவர், அவ்வளவே. அந்த ஆசையே அவரை ஏமாறச் செய்கிறது. அவர் அவமானப்படாமல் தோற்கிறார். நாகேஷ் பேய்க்கதை சொல்ல அவர் நடுங்கும் காட்சியில், வீட்டுத் தலைவரின் அதிகாரம் முழுவதும் கரைந்துபோகிறது. தந்தையும் மகளும் ஒரே பாயில் அமர்ந்து பார்க்கக்கூடிய காதல் படம் இது என்பதை ஸ்ரீதரும் கோபுவும் நன்கு உணர்ந்து எழுதியுள்ளனர். ‘மிஸ்ஸியம்மா’ போல் இது பின்வாங்கவும் இல்லை. அசோக் காணாமற்போன இளவரசன் என்று கடைசியில் யாரும் கண்டுபிடிப்பதில்லை. 1966இல் ஸ்ரீதரே இதனை ‘பியார் கியே ஜா’ என இந்தியில் எடுத்தார்.

திரை இப்படி முன்னும் பின்னும் நடந்துகொண்டிருக்க, மலாக்காவின் மண் இவ்விடயத்தில் மிகப் பழையது. மலாக்கா சுல்தானகக் காலத்தில் வந்த தமிழ் வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தனர். அவர்கள் வழிவந்த செட்டி சமூகத்தார் காஜா பெராங்கில் இன்றும் வாழ்கின்றனர். வீட்டு மொழி மலாய். உடை சாரோங்கும் கெபாயாவும். வழிபாடு இந்து வழிபாடு. 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோவில் அவர்களுடையது. முன்னோர்க்குப் படைக்கும் ‘பார்ச்சு’ச் சடங்கில் வாழை இலையில் மலாய்ச் சுவையுள்ள உணவு இடம்பெறுகிறது. ‘மிஸ்ஸியம்மா’வின் கதாசிரியர் கையில் கிடைத்திருந்தால், அந்தப் பாட்டிகளையும் காணாமற்போன செட்டியார் மகள்களாக்கியிருப்பார். வரலாற்றில் அப்படி நடக்கவில்லை. இரண்டும் இரண்டாகவே நின்று ஒரு வீடாயின. நெருங்கிய காலத்திலும் சான்று உண்டு. 1935இல் ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி, சிங்கப்பூரில் பெரானாக்கான் சீனக் குடும்பத்துப் பெண்ணை மணந்தார். சீர்திருத்தத்தை மேடையில் பேசியவர் வீட்டிலும் நடத்திக் காட்டினார். (‘மிஸ்ஸியம்மா’வில் நடித்த சாரங்கபாணி வேறொருவர், மாணவர்கள் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இந்நோக்கில் ரோஹித் ஷெட்டியின் ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ (2013) கவனிக்கத்தக்கது. மும்பை இனிப்புக் கடைக் குடும்பத்து ஆண், தமிழ்நாட்டு ஊர்ப் பெரியவரின் மகள் மீனம்மா; இங்கும் தொடக்கம் பொய்தான். பிடிக்காத மணத்திலிருந்து தப்ப, இரயிலில் சந்தித்தவனைத் தன் காதலன் என்று அவள் தந்தையிடம் சொல்லிவிடுகிறாள். தமிழர்களை அரிவாளும் மீசையுமாகக் காட்டியதில் மிகை அதிகம். அதனைக் கண்டித்தவர்கள் பக்கம் நியாயம் உண்டு. ஆயினும் மீனம்மா இறுதிவரை தமிழ்ப் பெண்ணாகவே இருக்கிறாள்; அவளுடைய பிறப்பைத் திருத்த யாரும் முற்படவில்லை. தந்தையாக வரும் சத்தியராஜும் பிறரும் தமிழிலேயே பேசும் இடங்கள் பல. அவ்விடங்களில் மலாய் வரிகள் தோன்றுமுன்பே நம் வீட்டுப் பிள்ளைகள் சிரித்துவிடுகின்றனர். உடன் அமர்ந்து பார்க்கும் மலாய் நண்பர்தான் ஏன் சிரித்தாய் என்று கேட்கவேண்டியிருக்கிறது.