அவசர மகப்பேற்றுச் சிகிச்சைத் தயார்நிலை மதிப்பீடு

அவசர மகப்பேற்றுச் சிகிச்சைத் தயார்நிலை மதிப்பீடு என்பது, கருக்காலத்திலோ பேற்றின்போதோ அதன் பின்னரோ தாய்க்கும் சேய்க்கும் உயிராபத்து நேர்ந்தால், அதற்குரிய சிகிச்சையை உடனே அளிக்க ஒரு மருத்துவ நிலையம் ஆயத்தமாக உள்ளதா என அறியும் முறை ஆகும். கட்டடம், படுக்கைகள், பெயர்ப்பலகை ஆகியவற்றை மட்டும் கொண்டு ஒரு நிலையத்தைக் கணக்கில் சேர்க்காமல், உயிர்காக்கும் செயல்கள் அங்கு உண்மையில் நடைபெறுகின்றனவா எனக் கேட்பதே இதன் அடிப்படை. ஐக்கிய நாடுகள் அமைப்புகளின் மதிப்பீட்டின்படி, 2023ஆம் ஆண்டில் கருவுறுதல், மகப்பேறு தொடர்பான காரணங்களால் உலகில் ஏறத்தாழ 2,60,000 பெண்கள் இறந்தனர்.

பின்னணி

மகப்பேற்றுச் சிக்கல் எப்பெண்ணுக்கு ஏற்படும் என்பதை முன்கூட்டியே உறுதியாகக் கூற இயலாது. எனவே சிக்கல் தோன்றியபின் கிடைக்கும் சிகிச்சையே உயிரைத் தீர்மானிக்கிறது. செரீன் தாடியசு, டெபோரா மைன் ஆகியோர் 1994இல் வெளியிட்ட கட்டுரையில், தாய் இறப்புக்கு இட்டுச்செல்லும் மூன்று தாமதங்களை விளக்கினர்:

1. சிகிச்சையை நாட முடிவெடுப்பதில் ஏற்படும் தாமதம்
2. மருத்துவ நிலையத்தை அடைவதில் ஏற்படும் தாமதம்
3. நிலையத்தை அடைந்தபின் உரிய சிகிச்சை பெறுவதில் ஏற்படும் தாமதம்

தயார்நிலை மதிப்பீடு மூன்றாவது தாமதத்தை ஆராய்வது. சிகிச்சையின்றி விடப்பட்டால், சிக்கல் தொடங்கியதிலிருந்து இறப்பு வரையுள்ள சராசரிக் காலம் பேற்றுக்குப் பின்னான குருதிப்பெருக்கில் 2 மணிநேரம், சூல்வலிப்பில் 2 நாள், தடைப்பட்ட பேற்றில் 3 நாள், கிருமித்தொற்றில் 6 நாள் என மதிப்பிடப்பட்டுள்ளது. குருதிப்பெருக்குக்கு அருகிலுள்ள சிறிய நிலையமே முதல் உதவி அளிக்க வேண்டியிருப்பது இதனாலேயே.

அடையாளச் செயற்பாடுகள்

யுனிசெப், உலக சுகாதார நிறுவனம், ஐ.நா. மக்கள்தொகை நிதியம் ஆகியவை 1997இல் இதற்கான வழிகாட்டியை வெளியிட்டன. அதன் திருத்திய கையேடு 2009இல் வெளிவந்தது. அக்கையேட்டின்படி, பின்வரும் ஏழு செயற்பாடுகளையும் செய்யும் நிலையம் அடிப்படை நிலையம் எனப்படும்:

* நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளை ஊசி மூலம் அளித்தல்
* ஆக்சிடோசின் போன்ற, கருப்பையைச் சுருங்கச் செய்யும் மருந்துகளை அளித்தல்
* சூல்வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட்டு போன்ற மருந்துகளை ஊசி மூலம் அளித்தல்
* நஞ்சுக்கொடியைக் கையால் அகற்றுதல்
* கருப்பையில் தங்கிய கருச்சிதைவு எச்சங்களை அகற்றுதல்
* வெற்றிடக் கருவி அல்லது இடுக்கி கொண்டு பேறு பார்த்தல்
* மூச்சுவிடாத பச்சிளங்குழந்தைக்குக் காற்றுப்பை, முகமூடி மூலம் மூச்சளித்தல் (2009இல் சேர்க்கப்பட்டது)

இவ்வேழுடன் அறுவைமூலப் பேறு, குருதியேற்றல் ஆகிய இரண்டையும் செய்வது முழுமையான நிலையம் எனப்படும்.

மதிப்பிடும் முறை

ஒவ்வொரு செயற்பாடும் கடந்த மூன்று மாதங்களில் ஒருமுறையேனும் செய்யப்பட்டதா என்பதே மையக் கேள்வி. மதிப்பீட்டாளர்கள் பேற்றறைப் பதிவேடுகளைப் பார்வையிட்டு, பணியாளர்களிடம் வினவி, மருந்து இருப்பையும் கருவிகளையும் நேரில் காண்பர். செய்யப்படாவிடின் காரணம் பதியப்படும்: ஆள் இல்லை, பயிற்சி இல்லை, மருந்தோ கருவியோ இல்லை, நிர்வாகச் சிக்கல், விதிமுறை அனுமதிக்கவில்லை, அல்லது அத்தகைய நோயாளி வரவில்லை. தீர்வு காரணத்திற்கேற்ப மாறுவதால் இப்பதிவு முக்கியமானது. சான்றாக, ஆக்சிடோசின் இருந்தும் 2 முதல் 8 பாகை செல்சியசு குளிரில் வைக்கப்படாவிடின் அதன் ஆற்றல் குறையும்; அங்கு தேவைப்படுவது குளிர்பெட்டியும் தடையில்லா மின்சாரமும் ஆகும்.

மக்கள்தொகைக் குறிகாட்டிகள்

2009 கையேட்டின்படி, 5,00,000 மக்களுக்குக் குறைந்தது ஐந்து நிலையங்கள் தேவை; அவற்றுள் ஒன்றேனும் முழுமையானதாக இருத்தல் வேண்டும். பேறுகளில் ஏறத்தாழ 15 விழுக்காட்டில் நேரடிச் சிக்கல் ஏற்படும் எனக் கொள்ளப்படுகிறது. எடுத்துக்காட்டாக, ஆண்டுக்கு 10,000 பேறுகள் நிகழும் பகுதியில் 1,500 பெண்களுக்கு இச்சிகிச்சை தேவைப்படும். நிலையங்களில் 600 பேரே சிகிச்சை பெற்றிருந்தால், நிறைவேறிய தேவை 40 விழுக்காடு மட்டுமே. நேரடிச் சிக்கலுடன் நிலையத்திற்கு வந்தோரில் இறப்பு 1 விழுக்காட்டிற்குக் குறைவாக இருத்தல் வேண்டும் என்பது மற்றொரு அளவுகோல்.

வரம்புகள்

பேறுகள் குறைவாக நிகழும் சிற்றூர் நிலையத்தில், திறன் இருந்தும் மூன்று மாதங்களில் ஒரு சிக்கலும் வராமற் போகலாம். மறுபுறம், ஒருமுறை செய்யப்பட்டது என்பது அது உரிய நேரத்தில், நன்முறையில் செய்யப்பட்டது என்பதற்குச் சான்றாகாது. பகலில் நடைபெறும் பார்வையிடல், நள்ளிரவில் மயக்க மருந்து வல்லுநர் இருப்பாரா என்பதையும் காட்டாது. கருவி கொண்டு பேறு பார்த்தல் பல நாடுகளில் பெரும்பாலும் விடுபடும் செயற்பாடாக உள்ளது.

இந்தியாவில்

இந்தியாவில் முதல்நிலைப் பரிந்துரை மருத்துவமனையாக ஒரு நிலையம் ஏற்கப்பட, அறுவைமூலப் பேறு உள்ளிட்ட அவசர மகப்பேற்றுச் சிகிச்சை, பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு, குருதிச் சேமிப்பு ஆகிய மூன்றும் 24 மணிநேரமும் கிடைத்தல் வேண்டும். தமிழ்நாட்டில் இத்தகைய முழுமையான சிகிச்சைக்கென அரசு மருத்துவமனைகளில் அமைக்கப்பட்ட மையங்கள் சீமாங்க் மையங்கள் என வழங்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* தாய் இறப்பு வீதம்
* சூல்வலிப்பு
* அறுவைமூலப் பேறு