'மெஷின் அடிக்கிற மாதிரி' கேட்காமல் கணினியில் டிரம்ஸ் லூப் அமைப்பது எப்படி?

கணினியில் அமைத்த டிரம்ஸைக் கேட்டுவிட்டுப் பெரியவர்கள் பலர் சொல்லும் குறை ஒன்றுதான்: "மெஷின் அடிக்கிற மாதிரி இருக்கு." ஓர் அடியும் பிசகவில்லை, தாளம் தப்பவில்லை, ஆனாலும் உயிரில்லை. கோலாலம்பூர், கிள்ளான், ஈப்போ போன்ற நகரங்களில் மட்டுமல்ல, தோட்டப்புறத்திலும் ஒரு மடிக்கணினியையும் ஹெட்போனையும் வைத்துக்கொண்டு பாடல் தயாரிக்கும் இளையோர் இன்று இருக்கிறார்கள். சொந்தப் பாடலோ, குறும்பட இசையோ, திருமண வரவேற்பு நடனத்துக்கான கலவையோ, எதுவானாலும் பெரும்பாலோர் முதலில் கைவைப்பது டிரம்ஸ் லூப்பில்தான். குறையும் அங்கேதான் தொடங்குகிறது.

லூப் என்பது திரும்பத் திரும்பச் சுற்றிவரும் ஒரு தாளத் துண்டு. எஃப்எல் ஸ்டூடியோ, ஏபிள்டன் லைவ், லாஜிக் புரோ, கியூபேஸ் என மென்பொருளின் பெயர் மாறலாம், செய்முறை ஒன்றே. ஒரு சுற்றைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எந்த டிரம் ஒலிக்க வேண்டும் என்று குறித்துவிட்டால் கணினி வாசித்துவிடும். 1997இல் பெல்ஜியத்தில் ஃப்ரூட்டிலூப்ஸ் என்ற பெயரில் வெளிவந்த மென்பொருள்தான் 2003இல் எஃப்எல் ஸ்டூடியோ ஆனது. கட்டத்தைத் தட்டினால் தாளம் வரும் அந்த எளிமையே அதை வீடுகளுக்குள் கொண்டு சேர்த்தது.

இதற்கெல்லாம் முன்னோடி, அமெரிக்கரான ரோஜர் லின் 1980இல் வெளியிட்ட எல்எம்-1 என்ற டிரம் இயந்திரம். உண்மையான டிரம்களின் ஒலிப்பதிவைக் கொண்டு வாசித்த முதல் இயந்திரம் அது. அதில் இரண்டு வசதிகள் இருந்தன. கை தவறி முன்பின் விழுந்த அடியைச் சரியான கட்டத்துக்கு இழுத்துவிடுவது ஒன்று. ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் அடிகளைச் சற்றுத் தாமதப்படுத்தித் தாளத்துக்கு ஓர் அசைவு கொடுப்பது இன்னொன்று. முதலாவதை இன்று 'குவான்டைஸ்' என்கிறோம், இரண்டாவதை 'ஸ்விங்' என்கிறோம். துல்லியத்துக்கு ஒரு பொத்தான், இயல்புக்கு ஒரு பொத்தான் என இரண்டும் தொடக்கத்திலிருந்தே ஒரே பெட்டிக்குள் இருந்தன. நம் இளையோரில் பலர் முதல் பொத்தானோடு நின்றுவிடுவதுதான் சிக்கல்.

தோட்டத்தில் லயம் என்றால் வரிசை வீடு. இசையில் லயம் என்பது வேறு. புதியவர் கணினியில் அமைக்கும் டிரம்ஸ் பெரும்பாலும் முதல் வகை லயமாகவே அமைந்துவிடுகிறது: எல்லா வீடும் ஒரே அளவு, ஒரே உயரம், ஒரே சுவர்.

முதலில் கட்டம் சரியா?

வேகம் நிமிடத்துக்கு 100 தட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு தட்டுக்கு 600 மில்லி விநாடி. நான்கு தட்டு கொண்ட ஒரு சுற்று 2.4 விநாடி. மென்பொருளைத் திறந்ததும் பெரும்பாலும் கண்ணில் படுவது அந்தச் சுற்றைப் 16 ஆகப் பிரித்த கட்டம்தான். ஒரு கட்டம் 150 மில்லி விநாடி. மேற்கத்தியப் பாப், ஹிப் ஹாப் பாடல்களில் பெரும்பாலானவற்றுக்கு இது பொருந்தும்.

நம்முடைய தாளங்கள் பலவற்றுக்கு இது பொருந்தாது. கிராமிய ஆட்டத் தாளங்கள் பலவும் திஸ்ர நடையில், 'தகிட தகிட' என்று உருள்பவை. ஒரு தட்டை மூன்றாகப் பிரித்தால் அடிகள் 0, 200, 400 மில்லி விநாடிகளில் விழ வேண்டும். அதே தாளத்தை 16 கட்டத்துக்குள் வாசித்துக் குவான்டைஸ் செய்தால், 200இல் விழுந்த அடி 150க்கும், 400இல் விழுந்த அடி 450க்கும் இழுக்கப்படும். சமமாக உருள வேண்டிய மூன்று அடிகள் 150, 300, 150 என்ற இடைவெளியில் நொண்டும். பிழை 50 மில்லி விநாடி. தேர்ந்த கலைஞரின் கை அவ்வளவு தூரம் விலகாது. "கணினியில் நம்ம அடி வராது" என்று சிலர் கைவிடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். குற்றம் கணினியுடையது அன்று. கட்டத்தை 'டிரிப்லெட்' என்ற மூன்றின் பிரிவுக்கு மாற்றினாலோ, தாள அளவை 6/8 என்று வைத்தாலோ போதும்.

எல்லா அடியும் ஒரே அடி அன்று

கட்டம் சரியான பிறகு கவனிக்க வேண்டியது அடியின் பலம். 1983இல் வந்த மிடி என்ற பொது ஏற்பாட்டில் ஒவ்வோர் அடிக்கும் 1 முதல் 127 வரை ஒரு பலம் கொடுக்கலாம். இதற்கு 'வெலாசிட்டி' என்று பெயர். சுட்டியால் தட்டி வைத்த அடிகள் எல்லாம் ஒரே எண்ணில் நிற்கும். மெஷின் வாடை அடிப்பது பெரும்பாலும் நேரத்தால் அல்ல, இதனால்தான். நேரத்தைத் தொடாமல் பலத்தை மட்டும் சீர்செய்தாலே லூப் பாதி உயிர் பெற்றுவிடும்.

சொற்கட்டு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. 'தகதிமி' என்று சொல்லும்போது நான்கு எழுத்துக்கும் ஒரே அழுத்தம் யாரும் கொடுப்பதில்லை. ஹை-ஹாட் தட்டின் எட்டு அடிகளை 100, 60, 85, 55, 95, 60, 88, 65 என்பதுபோல் ஏற்றி இறக்கினால் கை மேலும் கீழும் அசைவது காதுக்குத் தெரியும். ஸ்னேர் டிரம்மில் இரண்டாம், நான்காம் தட்டுகளில் விழும் பெரிய அடிகளுக்கு நடுவே 20 முதல் 40 வரையிலான பலத்தில் மெல்லிய அடிகளைத் தூவலாம். இவற்றுக்குக் 'கோஸ்ட் நோட்' என்று பெயர். தனியாகக் கேட்டால் இருப்பதே தெரியாது. எடுத்துவிட்டால் ஏதோ காணாமல் போனதுபோல் இருக்கும். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாடலில் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் வாசித்த தாளம் இதற்குப் பாடநூல் போன்றது. 1970இல் வெளிவந்த அந்தப் பாடலின் டிரம்ஸ் துண்டை ஹிப் ஹாப் உலகம் எண்ணற்ற முறை வெட்டிப் பயன்படுத்தியது.

பலம் மாறினால் சத்தத்தின் அளவு மட்டும் மாறுவதில்லை. ஓங்கி அடித்த தோலின் ஒலி கூர்மையாக இருக்கும், மெல்லத் தொட்டால் மழுங்கியிருக்கும். ஆகவே ஒரே ஒலிப்பதிவின் அளவைக் கூட்டிக் குறைப்பது போதாது. நல்ல டிரம் தொகுப்புகளில் ஒவ்வொரு டிரம்மும் பல பலங்களில், ஒவ்வொரு பலத்திலும் பல தடவை பதிவாகியிருக்கும். அடுத்தடுத்த அடிகளுக்குப் பதிவுகள் மாறி மாறி வரும். இந்த ஏற்பாடு 'ரவுண்ட் ராபின்' எனப்படும். அது இல்லாமல் ஒரே பதிவை வேகமாக அடுக்கினால் துப்பாக்கி சுடுவதுபோல் கேட்கும்.

பிசகிலும் ஓர் ஒழுங்கு

அடுத்தது நேரம். பல மென்பொருள்களில் 'ஹியூமனைஸ்' என்ற பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் அடிகள் முன்னும் பின்னும் சீட்டுக் குலுக்கியதுபோல் நகரும். அளவு கொஞ்சம் கூடினால் மனிதர் வாசிப்பதுபோல் கேட்காது, குடித்துவிட்டு வாசிப்பதுபோல் கேட்கும்.

காரணத்தை ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. ஹோல்கர் ஹென்னிக் தலைமையிலான குழு 2011இல் வெளியிட்ட அந்த ஆய்வின்படி, மனிதர் தாளம் வாசிக்கும்போது ஏற்படும் சிறு விலகல்கள் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை அல்ல. ஓரிடத்தில் ஏற்பட்ட விலகலின் சாயல் வெகுநேரம் கழித்து வரும் அடிகளிலும் இருக்கிறது. குருட்டாம்போக்காகக் கலைத்த தாளத்தையும் இந்தத் தொடர்போடு கலைத்த தாளத்தையும் கேட்கவைத்தபோது, கேட்டவர்கள் இரண்டாவதையே அதிகம் விரும்பினார்கள். விலகலின் அளவும் சிறியதுதான், பொதுவாக 10 முதல் 20 மில்லி விநாடி. மைக்கேல் மெக்டானல்டின் 1982ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றில் ஜெஃப் போர்காரோ வாசித்த ஹை-ஹாட் அடிகளை அளந்த 2015ஆம் ஆண்டு ஆய்விலும், நேரம், பலம் இரண்டிலும் இத்தகைய தொடர்பு தென்பட்டது.

நடைமுறையில் இதற்கு எளிய வழி, சுட்டியை விட்டுவிட்டு விரலால் வாசிப்பது. சிறிய மிடி விசைப்பலகையோ பேடோ போதும். வாசித்த பிறகு குவான்டைஸை முழுதாகப் போடாமல் 50 விழுக்காடு போட்டால், 30 மில்லி விநாடி பிந்திய அடி 15க்கு வந்து நிற்கும். பிழை குறையும், கை தங்கும். விரல் பட்டும் ஒலி தாமதமாகக் கேட்டால் 'பஃபர்' அளவைப் பார்க்க வேண்டும். 44,100 ஹெர்ட்ஸ் பதிவில் 1,024 என்ற பஃபர் அளவே 23 மில்லி விநாடி பிடிக்கும். 256 என்று குறைத்தால் 6க்கும் கீழ்.

ஸ்விங் அளவையும் கணக்கறிந்து வைக்கலாம். 50 விழுக்காடு என்றால் அசைவே இல்லை. 100 வேகத்தில் 54 விழுக்காடு வைத்தால் இரண்டாம் அடி 150க்குப் பதில் 162இல் விழும், 58இல் 174. 66ஐத் தொட்டால் கிட்டத்தட்ட திஸ்ரமாகிவிடும். 54க்கும் 58க்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, டிரம்ஸ் வாசிப்பவருக்கு இரண்டு கை, இரண்டு கால்தான். டாம் டிரம்களில் கை ஓடிக்கொண்டிருக்கும்போது ஹை-ஹாட்டைக் குச்சியால் அடிக்க மூன்றாவது கை கிடையாது. திறந்த ஹை-ஹாட்டும் மூடிய ஹை-ஹாட்டும் ஒரே தட்டு என்பதால் ஒன்று ஒலித்ததும் மற்றது அடங்க வேண்டும். மென்பொருளில் இரண்டையும் ஒரே 'சோக் குரூப்'பில் போட்டால் அது நடக்கும்.

சுற்றும் வெட்டும்

மூன்றரை நிமிடப் பாடலில், 100 வேகத்தில், ஒரு சுற்று லூப் 87 தடவைக்கு மேல் வரும். எவ்வளவு நல்ல லூப்பும் அத்தனை முறை தாங்காது. நான்கு அல்லது எட்டுச் சுற்றுக்கு எழுதி, கடைசியில் ஒரு கிக்கை எடுத்துவிடுவது, ஓர் உருட்டைச் சேர்ப்பது என்று சிறிதாக மாற்றினால் போதும்.

லூப்பை ஒலிக்கோப்பாக வெளியே எடுக்கும்போது நீளம் சரியாக இருக்க வேண்டும். 100 வேகத்தில் நான்கு சுற்று என்பது 9.6 விநாடி. அது 9.62 ஆகிவிட்டால், அடுத்தடுத்து ஒட்டும்போது பத்தாவது முடிவில் 200 மில்லி விநாடி பின்தங்கிவிடும், அதாவது ஒரு கட்டத்துக்கும் மேல். தட்டின் அதிர்வும் எதிரொலியும் முடிவில் அறுந்துபோவது இன்னொரு தொல்லை. லூப்பை இரண்டு முறை தொடர்ந்து ஓடவிட்டுப் பதிந்து, இரண்டாவதை மட்டும் வெட்டி எடுத்தால் முதல் சுற்றின் வால் இரண்டாவதன் தலையில் சேர்ந்துகொள்ளும்.

உருமிக்கு எண் இல்லை

மிடியில் டிரம்களுக்கென்று ஒரு பொதுப் பட்டியல் 1991இல் வகுக்கப்பட்டது. கிக் 36, ஸ்னேர் 38, மூடிய ஹை-ஹாட் 42 என்று 47 ஒலிகள். தோலை அதிரவைத்து முனக வைக்கும் பிரேசில் நாட்டுக் குயிகாவுக்குக்கூட அதில் இரண்டு எண்கள் உண்டு. உருமிக்கு இல்லை; தப்புக்கும் மிருதங்கத்துக்கும் தபலாவுக்கும் இல்லை. இந்நாட்டில் கோயில் திருவிழாவிலும் காவடியிலும் கேட்கும் உருமி மேளத்தைப் பாட்டில் வைக்க நினைக்கும் இளைஞர், கடைசியில் எங்கோ பதிவான ஓர் 'இந்திய டிரம்' தொகுப்பை எடுத்துப் போட்டுவிடுகிறார். அதே லூப் நூறு பாடல்களில் இருக்கும். யூடியூபின் தானியங்கிச் சோதனையில் வேறொருவர் பாடலோடு ஒத்துப்போய் உரிமைக் கோரல் வருவதும் உண்டு.

உருமியின் ஒரு பக்கம் குச்சியால் அடிக்கப்படும். மறுபக்கம் வளைந்த குச்சியால் தேய்க்கப்படும். அந்த முனகல் ஏறி இறங்கும் ஒலி. ஒற்றை அடியாக வெட்டிக் கட்டத்தில் வைத்தால் செத்துவிடும். நேரில் பதிவு செய்வதே மேல். அடிகளை நான்கைந்து பலங்களில், ஒவ்வொன்றும் நான்கு தடவையாவது தனித்தனியே பதியலாம். முனகலைக் குட்டை, நடுத்தரம், நீளம் என்று பாடலின் வேகத்திலேயே வாசிக்கச் சொல்லிப் பதிய வேண்டும். பிறகு இழுத்தால் ஒலி கெடும். தப்பாக இருந்தால், நெருப்பில் காய்ச்சிய தோல் ஆற ஆறச் சுருதி இறங்கும் என்பதால், காய்ச்சியவுடன் ஓங்கிய அடிகளை முடித்துவிட்டு மறுபடி காய்ச்சித் தொடரலாம். நம் ஊர் ஈரக்காற்றும் தோலைத் தளர்த்தும்.

பதிவுக்கு முன் பேசி முடிக்க வேண்டியது பணம். ஸ்டபிள்ஃபீல்டின் தாளம் உலகமெங்கும் சுற்றியபோதும், பாடலை எழுதியவராக அவர் பெயர் பதிவாகாததால் உரிமைத் தொகை அவருக்குப் போய்ச் சேரவில்லை. 2017இல் காலமானார். உருமி வாசிக்கும் அண்ணனை ஒருநாள் அறைக்கு அழைத்து, தேநீர் வாங்கிக் கொடுத்துப் பதிவு செய்துகொள்வது எளிது. அந்தப் பதிவு எத்தனை பாடலுக்கு, ஒருமுறைத் தொகையா பங்கா, பிறருக்கு விற்கலாமா, பெயர் எங்கே வரும் என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட அரைமணி நேரம்கூட ஆகாது.