மயிலாப்பூரிலிருந்து வரும் இஃப்தார்

முன்பின் அறியாத விருந்தினருக்காக நபி இப்ராஹீம் (அலை) அவர்கள் கொழுத்த கன்றைச் சமைத்து வைத்த வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். சென்னையில் அப்பண்பை நமக்கே காட்டி வருபவர்கள் நம் மார்க்கத்தைச் சாராதவர்கள்.

1947 பிரிவினையில் சிந்து மாகாணத்திலிருந்து அகதியாக வந்தவர் தாதா ரத்தன்சந்த். மயிலாப்பூரில் சூஃபிதார் ஆலயத்தை நிறுவிய அவர், திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலின் நோன்பாளிகளுக்கு உணவளிக்கும் வழக்கத்தைத் தொடங்கினார். பல பத்தாண்டுகளாக அது தொடர்கிறது. ரமலானில் நாள்தோறும் ஏறத்தாழ 1,200 பேருக்குச் சைவ உணவு ஆலயத்திலேயே சமைக்கப்பட்டு, மஃரிபுக்கு முன் வந்து சேர்கிறது. தொண்டர்கள் நம்மைப் போல் தொப்பி அணிந்து, தாமே பரிமாறுகின்றனர். உணவளித்தால் போதும் என்று அவர்கள் நிற்கவில்லை. நம் நேரத்தையும் மரியாதையையும் அறிந்து நடக்கின்றனர்.

வீட்டை இழந்து வந்தவர் விருந்தளிப்பவராக உயர்ந்தார். அவர் தொடங்கியதைத் தொண்டர்கள் காக்கின்றனர். தலைமைத்துவம் என்பது இதுவே.

அந்த விரிப்பில் நாம் விருந்தினராக அமர்கிறோம். பெருநாளன்று அண்டை வீட்டாருக்கு நாம் பிரியாணி அனுப்புகிறோம். அவர்கள் சைவம் உண்பவர்களா என்று முன்பே கேட்டறிந்து, அவர்களுக்கெனத் தனியே சமைத்திருக்கிறோமா? இன்ஷா அல்லாஹ், வரும் பெருநாளில் அதைச் செய்வோம்.