இகழ்ச்சிப் போதனையும் இறையியலின் மறுவிசாரணையும்

கிறிஸ்தவம் வேரூன்றிய ஐரோப்பாவில் அறுபது இலட்சம் யூதர் கொல்லப்பட்டனர். கொன்றது நாஜி அரசு. அதன் இனவெறி திருச்சபையின் கோட்பாடன்று. ஆயினும், ஞானஸ்நானம் பெற்ற ஒரு சமுதாயம் அக்கொடுமையைத் தடுக்க ஏன் திரண்டெழவில்லை? இவ்வினாவைக் கிறிஸ்தவ உலகின் முன் அழுத்தமாக வைத்தவர் ஓர் இறையியலாளர் அல்லர், வரலாற்றாசிரியர்.

ழூல் இசாக் பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு வரலாற்றுப் பாடநூல் எழுதிய யூதர். 1940இல் விஷி அரசு அவரைக் கல்விப் பதவியிலிருந்து நீக்கியது. 1943இல் கைதான அவருடைய மனைவியும் மகளும் அவுஷ்விட்சிலிருந்து மீளவில்லை. தலைமறைவாக வாழ்ந்தபடியே அவர் நற்செய்தி நூல்களையும் திருச்சபையின் போதனையையும் ஒப்புநோக்கினார். இயேசு யூதர், அவருடைய தாயும் முதற் சீடர்களும் யூதர். அவ்வாறிருக்க, யூதர் அனைவரையும் கடவுளைக் கொன்றவர்கள் எனப் பிரசங்க மேடைகள் நூற்றாண்டுக் கணக்கில் பழித்து வந்தன. இதற்கு அவர் இட்ட பெயர் 'இகழ்ச்சிப் போதனை'.

1947இல் சுவிற்சர்லாந்தின் சீலிஸ்பெர்க் என்னும் ஊரில் யூதரும் கிறிஸ்தவரும் கூடினர். போதனையைத் திருத்துவதற்குப் பத்து அம்சங்கள் வகுக்கப்பட்டன. 1959இல் பாப்பரசர் இருபத்துமூன்றாம் அருளப்பர், பெரிய வெள்ளி மன்றாட்டிலிருந்து யூதரைப் பழிக்கும் சொல்லை நீக்கினார். மறு ஆண்டு இசாக் அவரை நேரிற் கண்டு பேசினார். 1965 ஒக்டோபர் 28இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், இயேசுவின் மரணப் பழியை யூத இனத்தின்மீது சுமத்தலாகாது எனப் பிரகடனம் செய்தது. மன்னிப்புக் கோரும் வாசகம் அதில் இல்லை. எனினும், இந்து சமயத்திலும் பௌத்தத்திலும் உள்ள உண்மையை மதித்து, அவர்களோடும் உரையாடுமாறு அதே பிரகடனம் பணித்தது. யூதரின் துயரத்தால் திறந்த கதவு ஆசியாவுக்கும் திறந்தது.

அக்கதவு திறப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு முன்னர் நம் நாட்டில் நடந்தது யாது? 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரை, 1964 ஒக்டோபர் 30இல் இரு அரசாங்கங்கள் பங்கிட்டுக் கொண்டன. இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் தீர்மானிக்கப்படும். பங்கிடப்பட்டவர்களின் சம்மதத்தை எவரும் கேட்கவில்லை. மலைநாட்டிலிருந்து அவர்களை ஏற்றிய புகைவண்டிகள் கடுகண்ணாவைச் சரிவில் இறங்கி, ரம்புக்கனையைக் கடந்து, பொல்காவலையில் வடக்கே திரும்பித் தலைமன்னாரை அடைந்தன. 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர் மக்கள்.

அவுஷ்விட்சையும் இதனையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. அங்கு நிகழ்ந்தது இனக்கொலை. இங்கு நிகழ்ந்தது நாடிழப்பு. ஆனால் இரண்டுக்கும் முன்னோடியாக நின்றது இகழ்ச்சியே. 'கள்ளத்தோணி' என்ற ஒரு சொல், ரம்புக்கனையைச் சூழ்ந்த றப்பர்த் தோட்டங்களிலும் தேயிலைத் தோட்டங்களிலும் தலைமுறை தலைமுறையாக உழைத்தவனைக்கூட அந்நியனாக்கிற்று.

இங்கும் கிறிஸ்தவம் குற்றவிசாரணைக்குத் தப்பவில்லை. தோட்டங்களில் 1854இல் தொடங்கிய 'தமிழ்க் கூலி மிஷன்' துரைமாரின் நன்கொடையைப் பெற்று வளர்ந்தது. பள்ளிகளைத் திறந்தது; எழுத்தறிவித்தது. அந்நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஆனால் துரையின் கையை எதிர்பார்த்த மிஷன், துரையின் கூலிக் கணக்கைத் தட்டிக் கேட்பது எங்ஙனம்?

அக்கேள்வியைப் பின்னர் எழுப்பியோரும் குருமாரே. 1972இல் இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் கண்டியில் 'சத்தியோதய'வைத் தொடங்கினார். சிங்களவரும் தமிழரும், பௌத்தரும் இந்துக்களும் கிறிஸ்தவரும் அங்கு ஒன்றாக உழைத்தனர். தோட்ட மக்களின் வாழ்வே அவர்களின் ஆராய்ச்சிப் பொருள். 1974இல் அலோசியஸ் பீரிஸ் களனிக்கு அருகில் 'துலான' நிலையத்தை அமைத்துப் பௌத்தருடன் உரையாடலை வளர்த்தார். ஆசியாவின் வறுமையையும் சமயங்களையும் புறக்கணித்த இறையியல் ஆசியாவுக்குரியதாகாது என்பது அவர் வாதம். 1977லும் 1983லும் தோட்ட லயங்கள் எரிந்தபோது, இம்முயற்சிகள் எத்துணைச் சிறியவை என்பதும் எத்துணை இன்றியமையாதவை என்பதும் ஒருங்கே புலனாயின.

நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. சட்டம் உரிமையை மீட்கும்; இகழ்ச்சியை அகற்றாது. அது வகுப்பறையின் பணி. இசாக் பாடநூல் எழுதியவர் என்பதை நம் ஆசிரியர்கள் மறத்தலாகாது. பிரசங்கத்தையும் பாடத்தையும் ஒருசேர விசாரித்தபடியால் அவர் குரல் ரோமாபுரியை எட்டிற்று. இடருற்றவன் பேசும்போது குருவும் ஆசிரியனும் மாணவராய் அமர்ந்து கேட்க வேண்டும். அக்கேள்வியிலிருந்து பிறவாத இறையியலும் வரலாறும் மீண்டும் துரையின் பக்கமே சாயும்.