இசைமேடை ஒளிப்படத் திருத்தம்

கச்சேரி, கூத்து, நாட்டுப்புறக் கலைநிகழ்ச்சி முதலியவற்றில் எடுக்கப்பட்ட படங்களிலிருந்து வேண்டாதவற்றை நீக்கியும், ஒளியையும் நிறத்தையும் மாற்றியும் மெருகேற்றும் பணி இசைமேடை ஒளிப்படத் திருத்தம் எனப்படுகிறது. இன்று இது பெரும்பாலும் கணினியில் நடக்கிறது. படத்தின் ஓரிடத்தைப் பிரதியெடுத்து வேறோர் இடத்தின் மேல் பூசும் குளோன் ஸ்டாம்ப், ஓர் அடுக்கின் எந்தப் பகுதி தெரியவேண்டும், எது மறையவேண்டும் என்று வரையறுக்கும் லேயர் மாஸ்க் ஆகிய இரண்டும் இதன் முதன்மையான கருவிகள். கணினி வருவதற்கு வெகுகாலத்துக்கு முன்பே இந்த வேலை தமிழகத்தில் நடந்திருக்கிறது.

கொல்லிமலையும் இசைநிகழ்ச்சியும்

நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலையில் ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் வல்வில் ஓரி விழா நடைபெறுகிறது. மலையின் முதன்மை ஊரான செம்மேட்டில் மேடை அமைத்துக் கலைநிகழ்ச்சிகள் நடத்தப்படுகின்றன. இம்மலையில் இசைக்குழு ஒன்று வாசித்ததற்கான பதிவு மிகப் பழையது. புறநானூற்றின் 152ஆம் பாடலில் புலவர் வன்பரணர், காட்டில் எதிர்ப்பட்ட வேட்டுவன் ஓரியே என்று அறியாத நிலையில், தன் குழுவினரிடம் கருவிகளை இயக்கச் சொல்கிறார். முழவு, யாழ், தூம்பு, எல்லரி, ஆகுளி, பதலை என்று ஒரு முழு மேடையே அங்கே விரிகிறது. எந்தெந்தக் கருவிகளை இயக்கச் சொன்னார் என்பது விடுபடவில்லை. இசை வரலாற்றை ஆராய்பவருக்கு இந்தப் பட்டியல் ஒரு நல்ல குழுப்படத்துக்குச் சமம். இன்றைய விழாப் படங்களிலும் நாம் தேடவேண்டியது இத்தகைய முழுமையைத்தான்.

ஆடியில் கொல்லிமலையில் மேகம் தாழ்ந்து இறங்கும். மூடுபனியில் எடுத்த படம் வெளிறிப்போகும். மேடையின் வண்ணவிளக்குகள் முகத்தை நீலமாகவும் ஊதாவாகவும் ஆக்கிவிடும். இவற்றைச் சரிசெய்யாமல் படத்தை வெளியிட முடியாது என்பது உண்மைதான். ஆனால் பனியை முழுவதும் துடைத்தெடுத்த படம் கொல்லிமலைப் படமாக இல்லாமல் எந்த ஊர் மேடைக்கும் பொருந்தும் படமாகிவிடுகிறது.

நெகட்டிவில் தீட்டிய மேகம்

தமிழகத்தில் ஒளிப்படத் திருத்தத்தின் சிறந்த தொடக்ககால எடுத்துக்காட்டு லின்னேயஸ் டிரைப் (1822–1902). கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் அதிகாரியான இவர், 1850களின் பிற்பகுதியில் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராகப் பணியாற்றினார். மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை ஆகிய ஊர்களோடு அன்றைய சேலம் மாவட்டத்தின் இராயக்கோட்டையையும் படமெடுத்தார். இவருடைய படத்தொகுதிகள் 1858இல் வெளிவந்தன.

அக்கால வேதிப்பூச்சுகள் நீல ஒளிக்கே மிகுதியாக வினைபுரிந்தன. கோபுரம் தெளிவாகப் பதியும் நேரத்துக்குள் வானம் அளவுக்கு மீறிப் பதிந்து, அச்சில் வெறும் வெள்ளையாக நிற்கும். டிரைப் தம் மெழுகிட்ட காகித நெகட்டிவ்களின் மேல் வண்ணத்தால் மேகங்களைத் தீட்டினார்; மர இலைகளையும் திருத்தினார். நெகட்டிவில் வண்ணம் பூசிய இடம் ஒளியைத் தடுக்கும். அந்த இடம் அச்சில் வெளுப்பாக வரும். இன்றைய லேயர் மாஸ்க்கின் கொள்கையும் ஏறத்தாழ இதுவே. அதில் கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் நிறம் பாதி காட்டும். பிரான்சில் குஸ்தாவ் லெ கிரே இதே காலத்தில் கடலுக்கு ஒரு நெகட்டிவும் வானத்துக்கு வேறொன்றுமாக எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் அச்சிட்டார். இரண்டு அடுக்குகளை மறைப்பின் உதவியால் இணைக்கும் முறை அங்கேயே இருக்கிறது.

அதே டிரைப்தான் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றியுள்ள கல்வெட்டை வரிசையாகப் படமெடுத்து, 21 அச்சுகளை ஒட்டி ஒரே நீண்ட படமாக ஆக்கியவர். மேகத்தைக் கற்பனையாகத் தீட்டிய ஒருவர், கல்லில் உள்ளதை உள்ளபடி காட்ட இத்தனை பாடுபட்டிருக்கிறார்.

டச்சிங் காலம்

பின்னர் கண்ணாடி நெகட்டிவும் பிலிமும் வந்தன. ஸ்டூடியோக்களில் 'டச்சிங்' என்பது தனித் தொழிலாயிற்று. சாய்வான மேசையில், பின்னாலிருந்து ஒளி விழும்படி நெகட்டிவை வைத்து, கூர்மையான பென்சிலால் மெல்லத் தீற்றுவார்கள். கண்ணுக்குக் கீழுள்ள கருமை, முகச் சுருக்கம், அம்மைத் தழும்பு எல்லாம் அச்சில் மறைந்துவிடும். கறுப்பாக வரவேண்டிய இடத்தை மெல்லிய கத்தியால் சுரண்டுவார்கள். அச்சிட்ட பிறகு எஞ்சும் வெள்ளைப் புள்ளிகளைத் தூரிகையால் அடைப்பார்கள். இதைச் செய்தவர்களின் பெயர் படத்தின் பின்பக்கம்கூட இருக்காது. ஸ்டூடியோவின் முத்திரைதான் இருக்கும்.

கணினிக் கருவிகள்

தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய போட்டோஷாப் மென்பொருளின் முதல் பதிப்பை அடோபி நிறுவனம் 1990 பிப்ரவரியில் வெளியிட்டது. குளோன் கருவி அப்போது 'ரப்பர் ஸ்டாம்ப்' என்ற பெயரில் இருந்தது. அடுக்குகள் 1994இல் மூன்றாம் பதிப்பில் வந்தன. கட்டற்ற மென்பொருளான கிம்ப் 1996 முதல் கிடைக்கிறது. காசில்லாத மாணவர்கள் இந்தக் கலையைக் கற்றுக்கொள்ள அது பெரிதும் உதவியிருக்கிறது.

மேடைப் படத்தில் குளோன் கருவிக்கு வேலை அதிகம். பாடகரின் வாயை மறைக்கும் மைக், மிருதங்கத்தின் குறுக்கே நிற்கும் மைக் தண்டு, தரையில் ஓடும் ஒயர், தண்ணீர்ப் பாட்டில், பின்னால் விளம்பரதாரரின் பேனர் எனப் பட்டியல் நீளும். திரைச்சீலையின் ஒரு பகுதியைப் பிரதியெடுத்து இவற்றின்மேல் பூசினால் படம் 'சுத்தமாகிவிடும்'. ஆயினும் ஒரே மடிப்பு இரண்டு மூன்று இடங்களில் திரும்பத் திரும்ப வருவதைப் பழகிய கண் பிடித்துவிடும். 2006இல் பெய்ரூட் நகரின் மேல் எழும் புகையை இப்படிப் பெருக்கிக் காட்டிய ஒரு படத்தை ராய்ட்டர்ஸ் நிறுவனம் திரும்பப் பெற்றது. அந்தப் படக்காரர் எடுத்த 920 படங்களையும் விற்பனையிலிருந்து நீக்கியது. காட்டிக்கொடுத்தது, திரும்பத் திரும்ப வந்த அந்தப் புகைச்சுருள்தான்.

லேயர் மாஸ்க் இவ்வளவு கொடியதன்று. கீழடுக்கில் மூலப்படம் அப்படியே இருக்கும். மறைப்பை எப்போது வேண்டுமானாலும் நீக்கலாம். முகத்துக்கு ஓர் ஒளியளவும் பின்திரைக்கு வேறோர் ஒளியளவும் வைத்து இணைப்பதில் தவறு காண முடியாது. சில விநாடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களைக் கலந்து, ஒன்றிலிருந்து பாடகரின் முகத்தையும் மற்றொன்றிலிருந்து மிருதங்கக்காரரின் கையையும் எடுப்பது வேறு வகை. அப்படிப்பட்ட கணம் அந்தக் கச்சேரியில் நிகழவே இல்லை.

நீக்கப்படுவது எது?

கருநாடக இசைக் கச்சேரிகளில் 1930களை ஒட்டி ஒலிபெருக்கி நுழைந்தது. அதன்பின் பாடும் முறையே மாறியது. கடைசி வரிசைக்குக் கேட்கும்படி உச்சக்குரலில் பாடவேண்டிய தேவை குறைந்தது. ஆகவே பழைய படத்தில் மைக் இருப்பதும் இல்லாததும், எத்தனை மைக், யார் முன்னால் என்பதும் அந்தப் படத்தின் காலத்தைக் கணிக்க உதவும் சான்றுகள். நாதசுரக் குழுவின் படங்களில் ஓரத்தில் ஒத்து ஊதுபவரும் தாளம் போடும் சிறுவனும் நிற்பார்கள். ஒத்தின் இடத்தைச் சுருதிப்பெட்டி பிடித்துக்கொண்ட மாற்றத்தை இத்தகைய படங்களில் கண்ணால் காணலாம். பாடகருக்குப் பின்னால் பாதி மறைந்து தம்பூரா மீட்டும் பெண்ணையும் இவர்களோடு சேர்க்கவேண்டும். திருத்துபவரின் கை முதலில் போவது இந்த ஓரங்களுக்குத்தான்.

இப்போது கைபேசியே இதைச் செய்கிறது. கூகுள் நிறுவனம் 2021இல் தன் பிக்சல் கைபேசிகளில் அறிமுகப்படுத்திய அழிப்பான் வசதி, பின்னணியில் நிற்பவர்களைத் தானே கண்டறிந்து நீக்கப் பரிந்துரைக்கிறது. செம்மேட்டு மேடையில் பறையடிப்பவரின் பின்னால் நின்று வேடிக்கை பார்க்கும் மலைவாழ் மக்கள் அந்தக் கருவிக்கு வெறும் இடையூறு. விழாக்களைப் பதிவுசெய்யும் மாணவர்கள் திருத்திய படத்தோடு மூலக்கோப்பையும் அழிக்காமல் வைக்கவேண்டும். நாள், இடம், கலைஞர்களின் பெயர், நீக்கியது எது என்ற குறிப்பை அதனுடன் எழுதிச் சேர்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும்.