அரைப் பேரும் மைனஸ் ஐந்தும்: டிரைவர் நிரல்களில் பிழைக் குறியீட்டு மரபு

ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் ஒருவரின் ஒரு நாள் உழைப்பு செக்ரோலின் சிறு கட்டமொன்றில் அடங்கிவிடும். நிர்ணயித்த கிலோவைப் பறித்தவருக்குப் பேர், குறைந்தால் அரைப் பேர், வராதவருக்கு ஒன்றுமில்லை. எடை ஏன் குறைந்தது என்பதை அந்தக் கட்டம் சொல்லாது. மழையா, மலையில் கொழுந்தே இல்லையா, சாக்குக்கும் ஈரத்துக்கும் தராசில் கழித்தார்களா என்று அறிய கணக்கப்பிள்ளையைத் தனியாகக் கேட்க வேண்டும். அதுவரை அவருக்கு அது நினைவிருக்கவும் வேண்டும்.

கணினியின் பணிசெயல் முறைமைக்கும் வன்பொருளுக்கும் நடுவே நிற்கும் டிரைவர் நிரல்களும் இதே இக்கட்டில் வளர்ந்தவை. வேலை முடிந்ததா என்ற விளைவை ஓரிடத்திலும், முடியாததன் காரணத்தை வேறோரிடத்திலும் எழுதும் பழக்கம் எப்படி வந்தது, அதை ஒன்றாக்க என்னென்ன செய்தார்கள் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

யுனிக்ஸில் ஒரு கோப்பிலிருந்து 512 பைட் கேட்டு 200 மட்டுமே கிடைத்தால், அழைத்த நிரலுக்கு 200 என்ற எண் திரும்பும். அது தோல்வியல்ல, அரைப் பேர். தோல்வி என்றால் -1. பி.டி.பி.-11 இயந்திரத்தில் முறைமையின் மையமான கெர்னல் தோல்வியைத் தெரிவித்த விதம் இன்னும் எளிது: செயலியின் ‘கேரி’ பிட்டை உயர்த்தி, காரண எண்ணை முதல் பதிவகத்தில் வைத்தது. சி நூலகம் அந்த எண்ணை ‘எர்னோ’ என்ற பொது மாறிக்கு மாற்றிவிட்டு -1ஐத் திருப்பியது. எண் 2 என்றால் கோப்பு இல்லை, 5 என்றால் உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை, 6 என்றால் சாதனமே இல்லை. இந்த எண்கள் இன்றைய லினக்ஸிலும் மாறவில்லை.

கெர்னலுக்குள்ளேயும் நிலைமை அதுதான். 1975இல் வெளிவந்த யுனிக்ஸின் ஆறாம் பதிப்பில், இயங்கும் நிரலுக்குரிய ‘யூ’ என்ற கட்டமைப்பில் பிழைக்கென ஓர் இடம் இருந்தது. உள்ளே எங்கே தவறு நேர்ந்தாலும் அங்கே எண்ணை எழுதிவிட்டுத் திரும்புவார்கள். அழைத்த ஒவ்வொரு செயற்கூறும் திரும்பியவுடன் அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். வட்டு டிரைவர் அதையும் நேரே தொடுவதில்லை. தான் நிரப்ப வேண்டிய இடையகத்தில் பிழைக்கொடி ஒன்றை மட்டும் ஏற்றும். பிறகு ‘கெட்எரர்’ என்ற சிறு செயற்கூறு கொடியைப் பார்த்து, கூடவே காரண எண் இருந்தால் அதை எடுத்துக்கொள்ளும். இல்லாவிட்டால் தானே 5 என்று எழுதிவிடும். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ் மாணவர்களுக்காக உரை எழுதிய நிரல் இதுவே. நாம் இன்று காணும் ‘உள்ளீட்டு வெளியீட்டுப் பிழை’ என்ற மொட்டைச் செய்தியின் முன்னோடி அந்த ஒற்றை வரி என்பது என் கணிப்பு. டிரைவர் காரணம் சொல்லவில்லை, மேலே இருப்பவர் ஒன்றை இட்டு நிரப்பினார்.

எர்னோவின் பெரிய குறை, வெற்றி பெற்ற அழைப்பு அதைத் துடைப்பதில்லை. நேற்றைய காரணம் இன்றைய தோல்வியின் தலையில் விழலாம். எண் 25க்குரிய செய்தி, பழைய யுனிக்ஸில் ‘தட்டச்சுப்பொறி அல்ல’. வெளியீடு முனையமா என்று நூலகம் சோதித்த தடம் எர்னோவில் தங்கிவிட, அதற்குப் பிறகு வேறெதிலோ தோற்ற மின்னஞ்சல் அனுப்பிகள் அந்தச் செய்தியைத் தூக்கி நீட்டின. கடிதம் போய்ச் சேராததற்கும் தட்டச்சுப்பொறிக்கும் என்ன உறவு என்று பலர் தலையைச் சொறிந்தார்கள். ஒரே நிரலுக்குள் பல இழைகள் ஓடத் தொடங்கியபோது பொது மாறி மேலும் ஆபத்தானது. 1995இன் போசிக்ஸ் தரம் அதை இழைக்கொன்றாகப் பிரித்தது.

விளைவையும் காரணத்தையும் ஒரே எண்ணில் வைத்தால் என்ன? யுனிக்ஸின் கிளையான பி.எஸ்.டி.யின் பிற்கால டிரைவர்கள் காரண எண்ணையே நேர்மமாகத் திருப்பின. 0 என்றால் வெற்றி. டானன்பாம் 1987இல் வெளியிட்ட மினிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையின் வழியில் எதிர்ம எண்கள் வந்தன. அங்கே ஒரே தலைப்புக் கோப்பு கெர்னலுக்குள் எண்களுக்கு மைனஸ் குறி இட்டது, வெளியே இடாமல் விட்டது. 1991இல் லினக்ஸின் முதல் வெளியீட்டை எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ், வேறு ஆதாரம் கிடைக்காததால் மினிக்ஸின் எண்களையே எடுத்ததாகவும், அந்தக் குறித் தந்திரத்தை மட்டும் விட்டுவிட்டதாகவும் நிரல் குறிப்பிலேயே ஒப்புக்கொண்டார். மைனஸ் குறியை எழுதுபவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. இன்று எல்லா லினக்ஸ் டிரைவரும் -5, -6 என்று திருப்புவதற்கு வேர் இங்கேயே. மைனஸ் குறியால் கிடைத்த ஆதாயம் பெரிது: நேர்ம எண் பைட் கணக்கு, எதிர்ம எண் காரணம், இரண்டும் ஒரே கட்டத்தில்.

முகவரியைத் திருப்பும் செயற்கூறுகளுக்கு இது போதவில்லை. முகவரி வெளியின் உச்சியிலுள்ள கடைசி 4095 மதிப்புகளைப் பிழைக்கென ஒதுக்கி, முகவரி வேடத்தில் காரணத்தை அனுப்பும் உபாயம் பிறந்தது. வெற்று முகவரியா என்று மட்டும் சோதிப்பவர் இதில் ஏமாறுவார். அவர் கையிலிருப்பது முகவரியே அல்ல.

வி.எம்.எஸ். என்ற இன்னொரு பணிசெயல் முறைமையின் மரபு வேறு திசையில் போனது. அங்கே ஒற்றைப்படை வெற்றி, இரட்டைப்படை தோல்வி. கடைசி மூன்று பிட்கள் தீவிரத்தைச் சொல்லும். அதன் சிற்பிகளில் ஒருவரான டேவ் கட்லர் 1988இல் மைக்ரோசாஃப்டுக்குச் சென்றார். 1993இல் வந்த விண்டோஸ் என்.டி.யின் 32 பிட் நிலைக்குறியீட்டில் தீவிரம் உச்சியிலுள்ள இரண்டு பிட்களுக்கு ஏறியது.

எண்ணைச் சரியாகத் திருப்பினாலும் வாங்குபவர் பார்க்காவிட்டால்? விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹர்யாதி குணாவியும் உடனாய்வாளர்களும் லினக்ஸ் 2.6இன் கோப்பு முறைமைகளையும் மூன்று முக்கியச் சேமிப்பு டிரைவர்களையும் ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது: பிழைக் குறியீட்டைக் கையாளாமல் நழுவவிட்ட அழைப்புகள் 1153, நூற்றுக்கு 13. குறியீடு தவறவில்லை, அதை வாங்கிக் கொள்ளத்தான் ஆளில்லை.

பதுளைக்கு 1924இல் வந்து சேர்ந்த மலைநாட்டு ரயில் பாதை இதற்கு ஓர் ஒப்பீட்டைத் தருகிறது. ஒற்றைப் பாதையில் எதிரெதிரே ரயில்கள் மோதாமலிருக்க, எட்வர்ட் டயர் 1878இல் காப்புரிமை பெற்ற டேப்லட் முறை இங்கே நிலைத்தது. அனுமதியும் செய்தியும் ஒரே தகடு. பார்க்க மறக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஏனெனில் தகடு கைக்கு வராமல் சாரதி அடுத்த நிலையத்துக்குப் புறப்பட முடியாது. தகடு வராவிட்டால் அவர் பயணத்தைக் கைவிடுவதுமில்லை; தெமோதரையில் நின்று காத்திருக்கிறார்.

இந்தக் காத்திருப்புக்கு டிரைவர் உலகில் நெடுநாள் சொல்லே இல்லை. ஒரு சாதனத்தின் மின்சாரத்தையோ கடிகாரத்தையோ தரும் இன்னொரு டிரைவர் இன்னும் எழவில்லை என்றால், அது தோல்வியா? 2012இல் லினக்ஸ் 3.4 இதற்கென 517ஐச் சேர்த்தது: இப்போதில்லை, பிறகு கூப்பிடு. இந்த எண் பயனர் நிரலை எட்டக்கூடாது என்பது விதி. திரும்பி வந்த சாதனத்தைக் கெர்னல் ஒரு பட்டியலில் வைத்து, வேறொரு டிரைவர் எழும்போதெல்லாம் மீண்டும் முயல்கிறது. எதிர்பார்த்த துணை வராமலே போனால் சாதனம் அந்தப் பட்டியலிலேயே கிடக்கும்.